சேதி வந்தால் போதுமா?

"விவசாயி பழைய பஞ்சாங்கம். புதிதாக எதையும் ஏற்க மாட்டார். கையில் செல்போனைக் கொடுத்தாலும் 'ஹலோ' சொல்லத்தான் தெரியும்!"

இப்படிச் சொல்லுகிறவர்கள் பட்டணத்தில் உண்டு. அலுவலகங்களில் உண்டு. வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளிலும் உண்டு.

இது உண்மைதானா?

இல்லை!

விவசாயி புதுமைக்கு விரோதி அல்ல. அவர் கணக்குப் பார்க்கிறவர். கணக்கு சரியாக வந்தால், ஒரே பருவத்தில் மாறிவிடுவார். கணக்கு உதைத்தால், தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் தொட மாட்டார்.

இதற்குச் சாட்சி வேண்டுமா? தஞ்சாவூர் ஜில்லாவிலேயே இருக்கிறது.

ரேடியோ நெல்

ஆடுதுறையில் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1922-ல் தொடங்கியது. ஜப்பான் நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் சேர்த்து அங்கே ஒரு புது நெல்லை உண்டாக்கினார்கள். அதற்கு "ஆடுதுறை 27" என்று பெயர் வைத்தார்கள். குறுவைக்கு ஏற்ற நெல். சீக்கிரம் விளையும். உரம் போட்டால் நல்ல மகசூல் கொடுக்கும்.

1960-களின் நடுவில் இந்த நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி நிலையம் பேசத் தொடங்கியது. எப்போது விதைப்பது, எப்படி நடுவது, எவ்வளவு உரம், எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று மாலை வேளையில் ரேடியோ சொல்லியது. டீக்கடையில் கேட்டார்கள். பஞ்சாயத்து ரேடியோவில் கேட்டார்கள். மறுநாள் வரப்பில் நின்று அதைப் பற்றிப் பேசினார்கள்.

நெல் பரவியது. காட்டுத் தீ போலப் பரவியது!

விதை வாங்க வந்தவர்கள் "ஆடுதுறை 27 கொடுங்கள்" என்று கேட்கவில்லை. "ரேடியோ நெல் கொடுங்கள்" என்றுதான் கேட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்தில் தஞ்சை விவசாயிகளில் எத்தனையோ பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் காற்றில் வந்த ஒரு சேதியை நம்பினார்கள். பரம்பரை நெல்லை விட்டு, புது நெல்லை நட்டார்கள். பழைய பஞ்சாங்கம் செய்கிற காரியமா இது?

பெட்டி மட்டும் செய்ததா?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த வெற்றி ரேடியோப் பெட்டி ஒன்றினால் மட்டும் வந்தது அல்ல.

1960-ல் தஞ்சையில் ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. "பேக்கேஜ் திட்டம்" என்று அதைச் சொன்னார்கள். விதை, உரம், கடன், யோசனை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பதுதான் திட்டம். ரேடியோ உரத்தைப் பற்றிச் சொன்னபோது, கூட்டுறவுச் சங்கத்தில் உரம் இருந்தது. கடனைப் பற்றிச் சொன்னபோது, கடன் கிடைத்தது. சந்தேகம் வந்தபோது, கேட்பதற்குக் கிராம சேவகர் இருந்தார்.

சேதி வந்தது. சேதியை நிறைவேற்றக் கையில் பொருளும் வந்தது. அதனால்தான் விவசாயி நம்பினார்.

ரேடியோ நெல்லிலும் ஒரு குறை இருந்தது. குறுவை அறுவடை மழைக் காலத்தில் மாட்டிக் கொண்டது. ஈர நெல்லைக் காய வைக்க இடமில்லை. நெல் முளைத்தது. விவசாயிகள் தவித்தார்கள். ஈர நெல்லை என்ன செய்வது என்று ஆராய 1967-ல் திருவாரூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடமே அமைக்க வேண்டியதாயிற்று.

இதில் பெரிய பாடம் உண்டு. விதைக்கிற வரை சேதி சொன்னால் போதாது. களத்து மேட்டுக்கு நெல் வந்து, விற்றுப் பணம் கைக்கு வருகிற வரை கூட வர வேண்டும். பாதி வழியில் கையை விடுகிற சேதியை, அடுத்த தடவை யார் நம்புவார்?

கூடிக் கேட்டார்கள்

1956-ல் மராட்டியப் பகுதியில் ஒரு சோதனை நடந்தது. புனா வானொலி நிலையத்தின் மூலம் நடந்தது. 150 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு கிராமத்திலும் சுமார் 20 பேர் கொண்ட ஒரு குழு. வாரத்துக்கு இரண்டு நாள் குழு கூடும். ரேடியோவில் விவசாய நிகழ்ச்சியைக் கேட்கும். பிறகு பெட்டியை மூடிவிட்டுப் பேசும்.

"இது நம் ஊருக்குச் சரிப்படுமா?"

"நம் மண் களிமண் ஆயிற்றே?"

"செலவு என்ன ஆகும்?"

இப்படிக் கேள்விகள் பிறந்தன. வாதம் நடந்தது. முடிவு எடுத்தார்கள். அந்தச் சோதனைக்கு வைத்த வாசகமே "கேளுங்கள், பேசுங்கள், செய்யுங்கள்" என்பதுதான்.

பலன் என்ன? குழுவாகக் கூடிப் பேசிய கிராமங்களில் அறிவு நன்றாக வளர்ந்தது. ரேடியோ மட்டும் இருந்து, கூடிப் பேசாத கிராமங்களில் அவ்வளவு வளரவில்லை.

காரணம் என்ன? விவசாயம் தனி ஆள் தொழில் அல்ல. ஒருவர் வயலில் தண்ணீர் விட்டால் அடுத்தவர் வயலுக்குப் பாயும். ஒருவர் வயலில் பூச்சி விழுந்தால் ஊர் முழுவதும் பரவும். நாலு பேரோடு பேசித்தான் விவசாயி முடிவு எடுப்பார். இது தயக்கம் அல்ல. இது புத்திசாலித்தனம்.

இன்றைக்கு ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு போன் இருக்கிறது. சேதி தனித்தனியாக வந்து விழுகிறது. வருகிற சேதியை உட்கார்ந்து பேச ஒரு திண்ணை வேண்டாமா? அதை யாரும் யோசிப்பது இல்லை.

யார் சொல்கிறார்?

சேதியை விட, சேதி சொல்கிறவர் முக்கியம். கிராமத்தில் இது எல்லோருக்கும் தெரியும்.

விவசாயிகளே நடித்துக் காட்டும் சிறு படங்களைக் கிராமம் கிராமமாகப் போட்டுக் காட்டும் முயற்சி ஒன்று இந்தியாவில் நடந்தது. "டிஜிட்டல் கிரீன்" என்று அதற்குப் பெயர். படம் ஓடியதும் பார்க்கிறவர்கள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? உரத்தைப் பற்றி அல்ல. விதையைப் பற்றியும் அல்ல.

"இவர் யார்? எந்த ஊர்?"

இதுதான் முதல் கேள்வி!

பக்கத்து ஊர்க்காரர் என்றால் நம்பிக்கை. எங்கோ இருக்கிற பெரியவர் என்றால், "அவர் ஊர் மண் வேறு, நம் ஊர் மண் வேறு" என்று எழுந்து போய்விடுவார்கள்.

குஜராத்தில் இன்னொரு வேடிக்கை நடந்தது. விவசாயிகளுக்கு டெலிபோனில் குரல் மூலம் யோசனை சொல்லும் ஒரு சேவை அங்கே இருந்தது. அதை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். 2012-ல் முடிவு வெளிவந்தது. "யார் சொன்னால் கேட்பீர்கள்?" என்று விவசாயிகளைக் கேட்டார்கள். "நிபுணர்கள் சொன்னால் கேட்போம்" என்றார்கள். ஆனால் நடந்தது என்ன? ஒரே யோசனையை நிபுணர் குரலிலும் சொன்னார்கள். சக விவசாயி குரலிலும் சொன்னார்கள். சக விவசாயி குரலைக் கேட்டவர்கள்தான் "மேலும் விவரம் வேண்டும்" என்று அதிகமாகத் திரும்ப அழைத்தார்கள்!

வாய் ஒன்று சொல்லியது. விரல் வேறு ஒன்று செய்தது.

படித்தவரை மதிப்பது வேறு. பட்டவரை நம்புவது வேறு. விவசாயிக்கு இரண்டும் வேண்டும். நிபுணர் கண்டுபிடிக்கட்டும். அதை நட்டுப் பார்த்த ஒருவர், "ஆமாம் அண்ணே, எனக்கு இவ்வளவு கண்டது" என்று சொல்லட்டும். அப்போதுதான் சேதி வயலில் இறங்கும்.

எழுத்தா, குரலா?

போனில் குறுஞ்செய்தி வருகிறது. எழுத்து பொடியாக இருக்கிறது. சில சமயம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் வந்தாலும் புத்தகத் தமிழாக இருக்கிறது. அறுபது வயதுக்காரர் கண்ணாடியைத் தேடுகிறார். பிறகு பேரனைத் தேடுகிறார்.

"தம்பி, இது என்னன்னு பாரு."

"அது ஒண்ணுமில்லே தாத்தா. கம்பெனி மெசேஜ்."

பேரன் அழித்துவிடுகிறான். அது மழை எச்சரிக்கையாகவும் இருக்கலாம்! பத்து விளம்பரத்துக்கு நடுவே ஒரு நல்ல சேதி வந்தால், அதுவும் விளம்பரத்தோடு குப்பைக்குத்தான் போகும்.

குரலாக வந்தால் கதை வேறு. இதற்குத் தேனி ஜில்லாவில் நல்ல உதாரணம் உண்டு.

அங்கே ஆடு வளர்க்கும் பெண்கள் சிலர் சங்கமாகச் சேர்ந்தார்கள். "விடியல்" என்ற தொண்டு நிறுவனம் உதவியது. "காமன்வெல்த் ஆப் லேர்னிங்" என்ற கல்வி அமைப்பும் உதவியது. பாங்கியில் கடன் கேட்டார்கள். எதற்குக் கடன்? 9 பெட்டை ஆடு, 1 கிடா, அதோடு 1 செல்போன்!

ஆட்டுக்குக் கடன் கொடுக்கிற பாங்கி, போனுக்கும் கடன் கொடுத்தது. தினமும் அந்தப் போனில் குரல் வந்தது. ஆட்டுக்கு என்ன தீனி, எந்த நோய்க்கு என்ன வைத்தியம், குட்டியை எப்படிப் பார்ப்பது என்று சொல்லியது. ஆட்டை மேய்த்துக் கொண்டே கேட்டார்கள். கேட்டதைச் சங்கத்தில் கூடிப் பேசினார்கள்.

அவர்கள் போனுக்குப் பயப்படவில்லை. ஏன்? போன் அவர்களுடைய ஆட்டைப் பற்றிப் பேசியது. அவர்களுக்குப் புரியும் தமிழில் பேசியது. வேலையைக் கெடுக்காத விதத்தில் பேசியது. அவ்வளவுதான் ரகசியம்!

விலை தெரிந்தால் போதுமா?

"விலை தெரியாததால்தான் விவசாயி ஏமாறுகிறார். போனில் விலையைச் சொல்லிவிட்டால் போதும். தரகர் ஆட்டம் அடங்கிவிடும்."

இப்படி ஒரு நம்பிக்கை பலருக்கு உண்டு. இதில் பாதி உண்மை; பாதி உண்மை இல்லை.

முதலில் உண்மைப் பாதி. கேரளத்து வடகரையில் 1997 ஜனவரி 14-ந் தேதி நடந்த சம்பவம் இது. மீனவர்கள் படகு நிறைய மீனோடு கரைக்கு வந்தார்கள். வாங்க ஆள் இல்லை. 11 பேர் மீனைக் கடலில் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே வேளையில் 15 கிலோ மீட்டருக்கு உட்பட்ட வேறு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப இருந்தார்கள்!

என்ன கொடுமை!

பிறகு அந்தக் கடற்கரைக்குச் செல்போன் வந்தது. கடலில் இருந்தபடியே, "எந்தக் கரையில் என்ன விலை?" என்று மீனவர்கள் கேட்டார்கள். விலை உள்ள கரைக்குப் படகைத் திருப்பினார்கள். மீன் வீணாவது நின்றது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் இதைக் கணக்கெடுத்து 2007-ல் எழுதினார். மீனவருக்கு லாபம் 8 சதவிகிதம் கூடியது. வாங்குகிறவருக்கு விலை 4 சதவிகிதம் குறைந்தது. இரண்டு பேருக்கும் நன்மை!

இப்போது மறு பாதி. மராட்டியத்தில் விவசாயிகளுக்குச் சந்தை விலையையும் வானிலையையும் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். 100 கிராமங்களில் இரண்டு அறிஞர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 2012-ல் முடிவு வந்தது. சேதி கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும், விற்ற விலையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை!

மேற்கு வங்காளத்தில் உருளைக்கிழங்கு விவசாயிகளிடமும் இதே சோதனை நடந்தது. தினமும் விலை சொன்னார்கள். சராசரியாகப் பார்த்தால் கிடைத்த விலை உயரவில்லை. காரணம், அவர்கள் ஊரில் உள்ள வியாபாரியிடம்தான் விற்க முடியும். மொத்த மண்டிக்கு நேரே கொண்டு போய் விற்க வழி இல்லை.

வித்தியாசம் புரிகிறதா? மீனவர் கையில் படகு இருந்தது. விலை தெரிந்ததும் திருப்பினார். விவசாயி கையில் என்ன இருக்கிறது? மூட்டையைக் கொண்டு போக வண்டி இல்லை. வைத்திருக்கக் கிடங்கு இல்லை. போதாதற்கு, மண்டிக்காரரிடம் விதைப்புக்கு முன்னாலேயே முன்பணம் வாங்கியாகிவிட்டது. அவரிடம்தான் போட வேண்டும்.

இந்த நிலையில் "இன்று அடுத்த ஊர் மண்டியில் தக்காளி விலை அதிகம்" என்று போன் சொன்னால் என்ன பிரயோசனம்? வயிற்றெரிச்சல்தான் மிச்சம்!

தமிழ்நாட்டில் உழவர் சந்தை ஜெயித்ததை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1999 நவம்பர் 14-ந் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். அங்கே பலகையில் விலை எழுதினார்கள். அதோடு நிற்கவில்லை. உட்கார்ந்து விற்க இடம் கொடுத்தார்கள். தராசு கொடுத்தார்கள். விலையும் தெரிந்தது, விற்கவும் முடிந்தது. அது போதுமே! சாக்கட்டியில் எழுதிய பலகையாக இருந்தால் என்ன?

யார் கையில் போன்?

"எல்லோரிடமும் போன் இருக்கிறது" என்கிறார்கள். எல்லோரிடமும் என்றால் யார்?

2019-21-ல் இந்தியா முழுவதும் ஒரு குடும்ப நல ஆய்வு நடந்தது. தனக்கென்று உபயோகிக்கப் போன் வைத்திருக்கும் பெண்கள் 100-க்கு 54 பேர்தான் என்று அது சொல்லியது.

நாற்று நடுவது யார்? களை எடுப்பது யார்? மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார்? பெரும்பாலும் பெண்கள். சேதி யார் போனுக்கு வருகிறது? நிலம் யார் பேரில் இருக்கிறதோ, அவர் போனுக்கு. அவர் வெளியூரில் வேலையில் இருக்கலாம். களை எடுக்கிறவருக்குக் களைக்கொல்லியைப் பற்றிய சேதி போய்ச் சேருவதே இல்லை.

குத்தகைக்காரர் பாடும் இதுதான். பயிர் வைப்பவர் அவர். பட்டா இன்னொருவர் பேரில். பட்டா கேட்கிற எந்தத் திட்டத்திலும் அவருக்கு இடம் இல்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் கொடுக்கும் "பி.எம். கிசான்" திட்டம் 2019-ல் வந்தது. அது நிலம் உள்ள குடும்பத்துக்குத்தான். "உங்கள் கணக்கில் 2,000 ரூபாய் வரவு" என்று நிலக்காரர் போன் மணி அடிக்கிறது. வெயிலில் நிற்கிற குத்தகைக்காரர் போன் சும்மா இருக்கிறது.

அப்படிப்பட்டவரிடம் போய், "ஏன் ஐயா, நீங்கள் செயலியை உபயோகிப்பது இல்லை?" என்று கேட்டால் என்ன சொல்வார்? சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் "பழமை" என்று பெயர் வைப்பது நியாயமா?

சூடு கண்ட பூனை

தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பயம். அதுவும் காரணம் உள்ள பயம்.

2020-ல் தமிழ்நாட்டில் பி.எம். கிசான் திட்டத்தில் ஒரு பெரிய மோசடி வெளியாயிற்று. விவசாயியே அல்லாத பலரை கம்ப்யூட்டரில் விவசாயி என்று பதிந்திருந்தார்கள். அதிகாரிகளின் ரகசியக் குறியீட்டைத் தவறாக உபயோகித்தார்கள். தகுதி இல்லாதவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். போன பணம் சுமார் 110 கோடி ரூபாய். பிறகு பணத்தைத் திரும்ப வசூலித்தார்கள். பலரைக் கைது செய்தார்கள்.

இதே திட்டத்தின் பெயரில் வாட்ஸ்அப்பில் போலிச் செயலிகள் வருகின்றன. தொட்டால் பாங்கிப் பணம் பறந்துவிடும். "இப்படிப்பட்டதைத் தொடாதீர்கள்" என்று போலீசாரே எச்சரித்திருக்கிறார்கள்.

ஒரு பக்கம் "போனில் பதியுங்கள்" என்று சேதி. இன்னொரு பக்கம் "போனில் வருவதைத் தொடாதீர்கள்" என்று சேதி. விவசாயி எதைக் கேட்பார்? "எனக்கு இந்தச் சங்காத்தமே வேண்டாம்" என்று போனை மடித்து வைத்துவிடுவார். பூனையைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. பாலைச் சூடாக வைத்தது யார்?

ஒரு பருவத்துக் கணக்கு

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கணக்கு இருக்கிறது.

2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர். அதாவது 2 ஏக்கருக்கும் குறைவு.

பெரிய கம்பெனி புதிதாக ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். நஷ்டம் வந்தால் கணக்கில் எழுதிவிடலாம். 2 ஏக்கர்க்காரர் எதை வைத்துச் சோதிப்பார்? அந்த வருஷத்துச் சாப்பாட்டை வைத்துத்தான்! மகள் கல்யாணத்தை வைத்துத்தான்! பையன் காலேஜ் சம்பளத்தை வைத்துத்தான்!

போனில் வந்த ஒரு யோசனை தவறிப் போனால், சொன்னவருக்குச் சம்பளம் குறையாது. கேட்டவருக்கு ஒரு பருவம் போய்விடும். "நாளை மழை இல்லை" என்று நம்பி நெல்லைக் களத்தில் கொட்டியவர் மழையில் நனைந்த நெல்லோடு நிற்பார். அதனால்தான் அவர் வானத்தையும் பார்க்கிறார், போனையும் பார்க்கிறார். இரண்டும் ஒத்து வந்தால்தான் அரிவாளை எடுக்கிறார்.

பயமே இல்லையா?

ஒரு கேள்வி எழலாம். "எல்லாக் குற்றமும் மற்றவர் மேல்தானா? விவசாயியிடம் குற்றமே இல்லையா?"

இருக்கிறது. மறைப்பானேன்?

வயதானவர்கள் சிலர் போனைத் தொடவே கூசுகிறார்கள். "இந்த வயதில் எனக்கு எதற்கு?" என்கிறார்கள். கற்றுக்கொள்ள முயன்றால் முடியும். முயலுவது இல்லை. சிலர் உரக்கடைக்காரர் சொன்ன மருந்தை உடனே அடிக்கிறார்கள். நல்ல யோசனை இலவசமாக வந்தால் சந்தேகப்படுகிறார்கள்.

2004 ஜனவரியிலேயே விவசாயிகளுக்காக "கிசான் கால் சென்டர்" தொடங்கியது. 1800-180-1551 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பேசலாம். தமிழிலேயே கேட்கலாம். 2018-ல் தமிழ்நாடு அரசாங்கம் "உழவன்" செயலியைக் கொண்டு வந்தது. மானியம், விதை இருப்பு, வானிலை, விலை எல்லாம் அதில் உண்டு. இவற்றைக் கேள்விப்பட்டும் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். ஒரு போன் பேசிப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? ஒரு காசு செலவு இல்லையே!

இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்தக் குறை சிறியது. வீட்டில் உள்ள பிள்ளைகள் மனம் வைத்தால் தீர்ந்துவிடும். மற்றக் குறைகள் அப்படி அல்ல. அவற்றை விவசாயி தனியாகத் தீர்க்க முடியாது.

உயிர் காத்த ஒலிபெருக்கி

நல்லவாடு என்று ஒரு கிராமம். புதுச்சேரிக்குப் பக்கத்தில், கடற்கரையில் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தது. நல்லவாட்டிலும் ஒரு மையம் இருந்தது. கம்ப்யூட்டரில் வருகிற சேதியை ஊர் முழுவதும் கேட்க ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். கடல் அலை எப்படி இருக்கும் என்று அதில் சொல்லுவார்கள். ஊர் மக்கள் அதைக் கேட்டுப் பழகியிருந்தார்கள்.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். ஆபத்தை அறிந்து ஊருக்குப் போன் செய்தார். ஊரார் மையத்துக்கு ஓடினார்கள். ஒலிபெருக்கியில் கத்தினார்கள். "ஓடுங்கள்! ஓடுங்கள்!"

ஊரே ஓடியது. வீடுகள் போயின. படகுகள் போயின. 3,000 பேருக்கு மேல் உயிர் பிழைத்தார்கள்!

எது காப்பாற்றியது? போனா? ஒலிபெருக்கியா? இரண்டும்தான். ஆனால் இரண்டுக்கும் மேலே ஒன்று இருந்தது. அது பழக்கம். அது நம்பிக்கை. தினமும் உண்மை சொன்ன குரல் அன்றைக்கு "ஓடு" என்றது. யாரும் "ஏன்?" என்று கேட்கவில்லை.

விவசாயிக்கு வேண்டியதும் அந்த நம்பிக்கைதான். அது ஒரே நாளில் வராது. தினமும் உண்மை சொல்லித்தான் வரும்.

என்ன செய்யலாம்?

பெரிய வித்தை எதுவும் வேண்டாம். சில காரியங்கள் போதும்.

ஒன்று: சேதி குரலில் வரட்டும். அந்தந்தப் பகுதிப் பேச்சில் வரட்டும். மாலை வேளையில் வரட்டும்.

இரண்டு: பயிர் வைக்கிறவருக்குச் சேதி போகட்டும். பெண்ணாக இருந்தாலும் சரி, குத்தகைக்காரராக இருந்தாலும் சரி. பட்டாவைப் பார்த்துச் சேதி அனுப்புவது போதாது.

மூன்று: வந்த சேதியைப் பேச ஊரில் ஓர் இடமும் ஒரு நாளும் வேண்டும். மகளிர் குழு உண்டு. கூட்டுறவுச் சங்கம் உண்டு. கிராம சபை உண்டு. அங்கே பேசலாம். எல்லாச் சாதியாரும் எல்லாப் பெண்களும் தடை இல்லாமல் வரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும்.

நான்கு: சேதியோடு பொருளும் வர வேண்டும். விலை சொல்லுகிறவர்கள் கிடங்குக்கும் வண்டிக்கும் வழி சொல்ல வேண்டும். மருந்து சொல்லுகிறவர்கள் அது கிடைக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும்.

ஐந்து: சொன்னது தவறிப் போனால், "தவறிவிட்டது" என்று அதே போனில் ஒப்புக்கொள்ள வேண்டும். தப்பை ஒப்புக்கொள்ளுகிறவரைக் கிராமம் நம்பும். மழுப்புகிறவரை நம்பாது.

படித்த பிள்ளைகளுக்கும் ஒரு வேலை உண்டு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தினமும் பத்து நிமிஷம் போனைக் காட்டிக் கொடுக்கலாம். எது உண்மைச் சேதி, எது மோசடி என்று சொல்லிக் கொடுக்கலாம். "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று போனைப் பிடுங்காமல் இருந்தாலே பாதிப் புண்ணியம்!

ரேடியோ நெல்லை நட்டவர்களின் பேரப் பிள்ளைகள்தான் இன்று தஞ்சையில் பயிர் வைக்கிறார்கள். அதே மண். அதே ஆறு. அதே கணக்கு. தாத்தா காற்றில் வந்த சேதியை நம்பினார் என்றால், பேரன் போனில் வருகிற சேதியை ஏன் நம்ப மாட்டார்?

நம்புவார். சேதி உண்மையாக இருக்க வேண்டும். சொல்லுகிறவர் தெரிந்தவராக இருக்க வேண்டும். சொன்னதைச் செய்யக் கையில் வழி இருக்க வேண்டும்.

விவசாயி மாற வேண்டும் என்று ஆயிரம் பேர் சொல்லுகிறார்கள். முதலில் சேதி சொல்லுகிறவர்கள் மாறட்டும். விவசாயி தானே வருவார்!